நெக்ஸ்ட்கிளவுடு போட எந்த ஹோஸ்டிங்? 40 பேர் கம்பெனி, 1.2 டிபி டேட்டா

பம்ப்செட்_ஐடி:

வணக்கம். கோவையில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐடி என்றால் நான் ஒருத்தன்தான். ஆபீஸில் 40 பேர், சென்னையிலும் ராஜ்கோட்டிலும் சேல்ஸ் ஆட்கள். இப்போது ஃபைல் எல்லாம் ஆபீஸ் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய பொது ஹார்டு டிஸ்க்), வெளியில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. ஒரே இம்பெல்லர் டிராயிங்குக்கு "ஃபைனல்", "ஃபைனல் 2", "புது ஃபைனல்" என்று மூன்று கிடக்கிறது, ஃபவுண்டரிக்கு எது போச்சு என்று போன் போட்டுக் கேட்க வேண்டிய நிலைமை.

அதனால் நெக்ஸ்ட்கிளவுடு (கூகுள் டிரைவ் மாதிரி, ஆனா நாமே எடுக்கும் சர்வரில் ஓடுவது) போடலாம் என்று முடிவு. ஃபைல் ஷேரிங், காலண்டர், கொலாபராவில் நாலு பேர் சேர்ந்து ஷீட் திருத்துவது, அதன் வீடியோ கால் ஆப்பான டாக்கில் வாரம் ஒரு மீட்டிங், இவ்வளவுதான் தேவை. மெயில் தனியாக இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை.

மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, எங்கள் வெப்சைட் இருக்கும் கம்பெனியின் ஷேர்டு பிளான் (ஒரே சர்வரைப் பல பேர் பங்கிடுவது), "அன்லிமிடெட்" இடம், ஒரே கிளிக்கில் இன்ஸ்டால். இரண்டு, ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் தரும் ஸ்டோரேஜ் ஷேர், அதாவது ரெடிமேட் நெக்ஸ்ட்கிளவுடு, அவர்களே பராமரிப்பார்கள், விலையும் குறைவு. மூன்று, டிஜிட்டல்ஓஷன் பெங்களூரு அல்லது ஏடபிள்யூஎஸ் மும்பையில் விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய வாடகை சர்வர்) எடுத்து நானே போடுவது. முதலாளிக்கு முதல் பிளான்மேல்தான் கண். என்ன சொல்றீங்க?

நைட்ஷிஃப்ட்_அட்மின்:

முதல் பிளானை மறந்துடுங்க. "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால் விதிமுறைப் பக்கத்தில் ஐநோடு வரம்பு என்று ஒரு வரி இருக்கும், அதாவது எத்தனை ஜிபி என்பது இல்லை, எத்தனை ஃபைல் என்பதற்கு உச்சவரம்பு. நெக்ஸ்ட்கிளவுடு ஒவ்வொரு படத்துக்கும் பல அளவில் பிரிவ்யூ போட்டு வைக்கும், பழைய வெர்ஷன்களையும் வைக்கும், அந்த எண்ணிக்கை சீக்கிரம் முட்டும். அப்புறம் பின்னணி வேலைகளுக்கு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கிரான் (வேலையைத் தானாகத் தொடங்கும் டைமர்) ஓடணும், பிஎச்பிக்கு (நெக்ஸ்ட்கிளவுடு எழுதப்பட்ட மொழி) 512 எம்பி மெமரி வேணும், ஃபைல் லாக்கிங்குக்கு (ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் பூட்டுவது) ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸ் இருந்தால்தான் 40 பேர் தாங்கும். கொலாபரா தனி சர்வர் புரோகிராம், ஷேர்டில் அதை ஒழுங்காக ஓட்ட விடமாட்டார்கள். இன்னொன்று, மேஜர் வெர்ஷன் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏறணும். பாதியில் நின்றுவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய் நெக்ஸ்ட்கிளவுடின் ஓசிசி கட்டளை அடித்துத்தான் மீட்கணும். எஸ்எஸ்எச் இல்லாத இடத்தில் மாட்டினால் சப்போர்ட் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஜெர்மனி பற்றி: பெரிய ஃபைல் ஒன்று ஏற்றுவது பிரச்சினை இல்லை. சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டரைத்தான் சிங்க் பண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பா போய் வரணும், இழுத்துக்கொண்டே கிடக்கும். இன்னொரு விஷயம், 300 எம்பி டிராயிங்கில் ஒரு கோடு மாற்றி சேவ் பண்ணினாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் சிங்க் கிளையண்ட் முழு 300 எம்பியையும் மறுபடி ஏற்றும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பத் தெரியாது. உங்கள் ஆபீஸ் லைனில், மத்தியானம் எல்லாரும் இருக்கும்போது, நிஜ ஃபோல்டரை வைத்து ட்ரையல் ஓட்டுங்கள். வீட்டில் ராத்திரி டெஸ்ட் பண்ணி "சூப்பர்" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

"டாக் உண்டு" என்று சொன்னால் ஹை பெர்ஃபார்மன்ஸ் பேக்எண்ட் (வீடியோவை நடுவில் வாங்கிப் பிரித்து அனுப்பும் சர்வர்) உண்டா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொருவர் வீடியோவும் மற்ற எல்லாருக்கும் நேராகப் போகும், நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் திணறும்.

ஈரோடு_கணக்கு:

டெக்னிக்கல் எல்லாம் தம்பிமார்கள் சொல்வார்கள், நான் பணம் கட்டுவது பற்றி மட்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு கார்டில் ஆட்டோ டெபிட் போடும் எண்ணம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதியைப் பாருங்கள். 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது, 2022இல் வரம்பு 15,000 ரூபாய் ஆனது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி. அந்த மேண்டேட் வசதியே செய்யாத வெளிநாட்டுக் கம்பெனி என்றால் சின்னத் தொகைகூடத் திரும்பிவிடும். பணம் வரலை என்று மெயில் வரும், அது யாரும் பார்க்காத ஐடிக்குப் போகும், கொஞ்ச நாளில் சர்வர் சஸ்பெண்ட். டிஸ்க் நிறைந்ததாலோ வைரஸாலோ சர்வர் போனதைவிட இப்படிப் போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால் வெளிநாட்டுப் பில்லில் வரி வராது, நீங்கள் ஆர்சிஎம்மில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் கட்டிவிட்டு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பக் கழித்துக்கொள்ளணும். ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க, மார்ச்சில் சொன்னால் திட்டுவார். ஏடபிள்யூஎஸ்க்கு இந்தியக் கம்பெனி பெயரிலேயே ஜிஎஸ்டி பில் வருகிறது, அந்தத் தலைவலி இல்லை.

அப்புறம் டேலி டேட்டா ஃபோல்டரைக் கொண்டுபோய் இந்த சிங்க்குக்குள் வைக்காதீங்க. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் அவ்வளவுதான்.

பம்ப்செட்_ஐடி:

ரொம்ப நன்றிங்க, கார்டு விஷயம் யோசிக்கவே இல்லை. ஷேர்டு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பேக்அப் பற்றி ஒரு சந்தேகம்: விசாரித்த எல்லாரும் "டெய்லி பேக்அப் உண்டு சார்" என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது? டிஜிட்டல்ஓஷனில் கணக்குப் போட்டால் 8 ஜிபி ரேம் சர்வர் மாசம் 48 டாலர், ஆனா 1.2 டிபி வால்யூமுக்கு (சர்வரில் சேர்க்கும் கூடுதல் டிஸ்க்) மட்டும் 120 டாலர் வருகிறது. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (டிஸ்க்காக இல்லாமல் நெட் வழியே ஃபைல் போட்டு எடுக்கும் கிடங்கு) போட்டால் 25 டாலருக்குள் முடியும் போல.

ரீஸ்டோர்_ஆச்சா:

பேக்அப் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது, எஸ்பிஜி2 கட்டடம் முழுக்கப் போச்சு. பேக்அப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டுமே போச்சு. அன்றைக்கும் எல்லாரிடமும் "பேக்அப் உண்டு" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் விலை சரிதான், ஆனா ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். அதை பிரைமரி ஸ்டோரேஜாக வைத்தால் ஃபைல்கள் உங்கள் பெயரில் அங்கே இருக்காது. "யுஆர்என் ஓஐடி" என்று ஆரம்பித்து பின்னால் ஒரு நம்பர், அவ்வளவுதான் பெயர். எந்த நம்பர் எந்த டிராயிங், எந்த ஃபோல்டர் என்பதெல்லாம் டேட்டாபேஸில் மட்டும். டேட்டாபேஸ் போனால் 1.2 டிபியும் முகவரி கிழிந்த தபால் மூட்டைதான். சாதாரண டிஸ்கில் வைத்தால் யூசர் பெயரில் ஃபோல்டர், உள்ளே நிஜப் பெயரோடு ஃபைல், என்ன ஆனாலும் காப்பி பண்ணி எடுத்துவிடலாம். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்தான் என்றால் டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) தினமும் வேறு கம்பெனி இடத்துக்குப் போகணும், அந்த பழைய நாஸுக்குக்கூட அனுப்பலாம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க.

பராமரித்துத் தருகிறோம் என்பவர்களிடம் வெளியேறும் வழியைக் கேளுங்கள். ஆர்சிங்க் (ஃபைல்களை மொத்தமாக நகலெடுக்கும் கருவி) உண்டா, டேட்டாபேஸ் டம்ப் தருவீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி வேறு இடம் மாற நினைத்தபோது, ஹோஸ்டிங்காரர் "பிரவுசரில் ஜிப்பாக டவுன்லோடு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். ஷேர் லிங்க், வெர்ஷன், கமெண்ட் எதுவும் வரவில்லை. இதையெல்லாம் வாங்கும் முன், சனிக்கிழமை ராத்திரி சப்போர்ட்டுக்கு மெயிலாக அனுப்பிப் பாருங்கள், சேல்ஸ் ஆளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்"தான்.

99.9 சதவீதம் அப்டைம் என்பதற்கு மயங்காதீங்க. மாசம் 43 நிமிஷம் நின்றாலும் அவர்கள் கணக்கில் அது சரிதான், அதைத் தாண்டினாலும் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் தள்ளுபடி.

சும்மா_ஒரு_கேள்வி:

ஒரே ஒரு ஐடி ஆள் இருக்கும் கம்பெனிக்கு இவ்வளவு பாடு எதுக்கு? ஸோஹோ வொர்க்பிளேஸ் (ஃபைல், ஷீட், மெயில் எல்லாம் அவங்களே ஓட்டித் தருவது) எடுத்துட்டுப் போங்க, டேட்டா சென்னை, மும்பையில் இருக்கு, ரூபாயில் பில். நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போனா யார் செக்யூரிட்டி பேட்ச் போடுவாங்க?

நைட்ஷிஃப்ட்_அட்மின்:

நியாயமான கேள்விதான், டாக்குமெண்ட்டும் ஷீட்டும் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று காசு, இவருக்கோ ஆறேழு டிசைன் ஆட்கள்தான் டேட்டாவில் முக்கால்வாசி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். விபிஎஸ்தான் என்றால் இன்னொருத்தருக்கும் சாவி இருக்கணும், டொமைன் கம்பெனி பெயரில் இருக்கணும், ஹேக்கிங் மாதிரி சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்லணும், சர்வர் லாக் (நடந்தவற்றின் பதிவு) 180 நாள் வைக்கணும். 2022 உத்தரவு, சின்னக் கம்பெனிக்கும் சேர்த்துத்தான்.

பம்ப்செட்_ஐடி:

சரிங்க. பெங்களூருவில் விபிஎஸ், சாதாரண வால்யூம், அதில் நடப்பு டிராயிங் மட்டும், சுமார் 400 ஜிபி. பழைய ப்ராஜெக்ட் நாஸிலேயே இருக்கட்டும். டம்ப் தினமும் நாஸுக்கு. ஸோஹோ கணக்கையும் முதலாளி முன்னால் வைக்கிறேன். கடைசியாக ஒன்று, கொலாபராவும் அதே 8 ஜிபி சர்வரில் ஓடுமா?

நைட்ஷிஃப்ட்_அட்மின்:

ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் ஓடும். டாக்குக்கு பேக்எண்ட் மட்டும் அதில் போடாதீங்க, தனியாக ஒரு சின்ன சர்வர் எடுங்க.