புதுப்பிப்பு: டைம்-லேப்ஸ் இன்குபேட்டருக்குக் கூடுதல் பணம் கட்டினோமா?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போய் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்கிறோம், கருவைத் தொடர்ந்து படமெடுத்துத் தேர்வு செய்யும் டைம்-லேப்ஸுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கட்டவில்லை. "எம்பிரியாலஜிஸ்டிடம் (ஆய்வகத்தில் கருவை வளர்க்கும் நிபுணர்) நேரே கேளுங்க" என்ற மார்த்தாண்டம் அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. அந்த நிபுணர் ஒளிக்காமல் சொன்னார்: சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுப்பதால் கருவை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டாம், ஒரு செல் நேரே மூன்றாகப் பிரிவது போன்ற கோளாறும் தெரியும். ஆனால் அது கருவின் தரத்தைக் கூட்டாது. நிறையக் கருக்கள் இருந்தால்தான் வரிசைப்படுத்தும் வேலையே. எங்களுக்கு இருந்தவை கொஞ்சம். இங்கே ஒருவர் சொன்ன 2024 லான்செட் மருத்துவ இதழ் ஆய்வையும் காட்டினேன்: பிரிட்டன், ஹாங்காங்கில் 1,575 பேர், டைம்-லேப்ஸால் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: பணம் கட்டாத எங்கள் கருக்களும் அதே டைம்-லேப்ஸ் இன்குபேட்டர் பெட்டியில்தான் வளர்ந்தன. கட்டணம், படத்தை வைத்து மதிப்பெண் போடுவதற்கு மட்டுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

அப்புறம், ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (அந்த நாள்வரை வளர்ந்த கரு) ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள்; மீதி உறைநிலையில் இருக்கிறது. பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், ஸ்கேனில் இதயத் துடிப்பும் தெரிந்தது. இனி ஸ்கேனை நாகர்கோவிலிலேயே எடுக்கலாம் என்றுவிட்டார்கள். வழியில் களியக்காவிளை நெரிசலில் இனி சிக்க வேண்டாம்.