தரவாசி: கச்சா எண்ணெயின் தரத்தால் வரும் விலை வித்தியாசத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

எண்ணெய் வணிகச் சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் நிரம்பவில்லை. அளவுகோலாக வைத்த எண்ணெயைவிட ஒரு கச்சா எண்ணெய் தரத்தில் ஏறியோ இறங்கியோ இருந்தால், அதற்காகப் பீப்பாய்க்கு இத்தனை டாலர் கூடும் அல்லது குறையும். அந்தத் தொகைக்குத்தான் பெயர் வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகள்: தரத் தள்ளுபடி, தர வேறுபாடு, மாற்று. மூன்றாவது பொன் வணிகத்திலிருந்து வருவது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு. சுத்திகரிப்புத் துறையில் இருப்பவர்கள் பொருளைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

———

வணக்கம் ஐயா.

தள்ளுபடி பொருந்தாது. அது ஒரு பக்கம் மட்டுமே சாயும் சொல். மலேசியாவின் தாப்பிஸ் எண்ணெய், வடகடலின் அளவுகோல் எண்ணெயான பிரென்ட்டைவிட இலேசானது, கந்தகமும் குறைவு. பெரும்பாலும் பிரென்ட்டைவிடக் கூடுதல் விலைக்கே விற்று வந்திருக்கிறது. அந்தக் கூடுதலைத் தள்ளுபடி என்று எப்படிச் சொல்வது?

தர வேறுபாடு என்பது பணத்தைக் குறிக்காது. அமெரிக்காவின் அளவுகோல் எண்ணெயான டபிள்யூ.டி.ஐ. ஏறத்தாழ 39.6 டிகிரி ஏ.பி.ஐ. (இந்த எண் கூடக் கூட எண்ணெய் இலேசு), கந்தகம் 0.24 விழுக்காடு. மெக்சிகோவின் மாயா 22 டிகிரியை ஒட்டியது, கந்தகம் 3 விழுக்காட்டுக்கு மேல். இதுதான் தர வேறுபாடு. நமக்கு வேண்டியது இதனால் விளையும் டாலர்.

அந்த டாலர் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். பின்வருபவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், சந்தை விலை அல்ல. 100 பீப்பாய் இலேசான எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அடியில் தங்கும் எச்சம் 10 பீப்பாய். கனமான எண்ணெயில் 35. பெட்ரோல், டீசல் போன்றவை சராசரியாக 90 டாலர், எச்சம் 60 டாலர் என்றால், 25 பீப்பாய்க்குத் தலா 30 டாலர் இழப்பு, மொத்தம் 750. பீப்பாய்க்கு 7.50 டாலர். கந்தகத்தை நீக்கும் செலவு இதற்கு மேல்: கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கியின் மேல், 300 முதல் 400 டிகிரி செல்சியஸில், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். ஹைட்ரஜன் மலிவான சரக்கல்ல. எச்சத்தில் சேரும் நிக்கலும் வனேடியமும் வினையூக்கியைக் கெடுப்பது தனிச் செலவு.

கோக்கர் உள்ள ஆலைக்கு இந்த 7.50 சுருங்கிவிடும், எச்சத்தை உடைத்து டீசலாகவும் நாப்தாவாகவும் எடுத்துக்கொள்ளும். கோக்கர் இல்லாத ஆலை எச்சத்தை எரிநெய்யாகத்தான் விற்க வேண்டும். கப்பல் எரிநெய்யின் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆக இறங்கியபின் அதுவும் கடினம். ஆகவே இந்தத் தொகை எண்ணெயின் உடம்பில் எழுதியிருப்பதல்ல. வாங்கும் ஆலையின் வசதியையும் பொறுத்தது. வரையறையில் இது வர வேண்டும்.

மாற்று பற்றி: பொன்னுக்கு அழகான சொல். ஆனால் இதே துறையில் மாற்று எரிபொருள் என்பது ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘எண்ணெயின் மாற்று விலை’ என்று எழுதினால் எத்தனாலின் விலை என்றே படிப்பார்கள்.

———

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. இரு பக்கமும் சாய வேண்டும், பணத்தைக் குறிக்க வேண்டும் என்றால் நம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கிறது: வாசி.

திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கிடைத்தது. அப்பரின் காசைக் கடைக்காரர்கள் அப்படியே ஏற்றார்கள். சம்பந்தரின் காசுக்கு வாசி கழித்தார்கள். அதனால்தான் அவர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடினார். முகமதிப்பு ஒன்றே ஆன இரண்டு காசுகளுக்கிடையே தரத்தால் வந்த விலை வித்தியாசம்! நாம் தேடும் பொருளுக்கு இதைவிட நெருக்கமாக இன்னொன்று கிடைக்காது.

அங்கே வாசி கழிவைத்தானே குறிக்கிறது என்று கேட்கலாம். வைணவ உரைகளில் வாசி என்றால் பொதுவாக வித்தியாசம். ஏற்றமும் இறக்கமும் அதில் அடங்கும். விலைவாசியில் இன்றும் அது வாழ்கிறது. ஆகவே தரவாசி. கூடுதலை ஏறுவாசி என்றும் குறைவை இறங்குவாசி என்றும் பிரிக்கலாம்.

———

தரவாசி எனக்கு முழுச் சம்மதம். இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. சந்தையில் தெரியும் வித்தியாசம் முழுவதும் தரத்தால் வருவதல்ல. 2018 கடைசியில் கனடாவின் வெஸ்டர்ன் கனேடியன் செலக்ட், டபிள்யூ.டி.ஐ.யைவிடப் பீப்பாய்க்கு 40 டாலருக்கும் மேல் தாழ்ந்து போனது. எண்ணெயின் தரம் மாறவில்லை. வெளியே கொண்டுபோகக் குழாய் போதவில்லை. 2019 ஜனவரி முதல் ஆல்பர்ட்டா அரசு உற்பத்தியைக் கட்டுப்படுத்தியதும் இடைவெளி குறுகியது. இதைத் தரவாசி என்பது பிழை. இடவாசி எனலாம். ஒப்படைக்கும் மாதத்தால் வருவது காலவாசி. ஒரே வேரில் மூன்று சொற்கள்.

ஒரு பிழையையும் இங்கேயே திருத்திவிட வேண்டும். கந்தகம் மிகுந்ததைப் புளிப்பு எண்ணெய் என்றும் குறைந்ததை இனிப்பு எண்ணெய் என்றும் பட்டியலில் போட்டிருக்கிறோம். புளிப்பு என்றதும் படிப்பவர் அமிலம் என்றே கொள்வார். அமிலத்தன்மை வேறு, ஒரு கிராம் எண்ணெயை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று அளப்பது. சாட் நாட்டின் டோபா எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு, அமில எண்ணோ 4-க்கும் மேல். ஏறத்தாழ 220 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை அந்த அமிலங்கள் சாதாரண எஃகை அரிக்கும். வேறு எண்ணெயோடு கலந்தே ஓட்ட வேண்டியிருக்கும். டோபாவை ‘இனிப்பு’ என்று எழுதினால் வாங்குபவரை ஏமாற்றியதாகும். கந்தகம் மிகுந்தது, கந்தகம் குறைந்தது (0.5 விழுக்காட்டுக்குக் கீழ்) என்று நேராகவே எழுதுவோம்.

ராஜஸ்தானின் மங்களா எண்ணெயும் இப்படித்தான்: கந்தகம் குறைவு, மெழுகு மிகுதி. சூடேற்றிய குழாயில்தான் குஜராத்துக்குப் போகிறது.

———

ஏற்றுக்கொள்கிறேன், மாற்றைக் கைவிடுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றலாமா?

தரவாசி (பெயர்ச்சொல்): அடர்த்தி, கந்தகம், அமிலம், மெழுகு, உலோகம் ஆகியவற்றால் ஒரு கச்சா எண்ணெய்க்கு அளவுகோல் எண்ணெயின் விலையைவிட ஒரு பீப்பாய்க்குக் கூடும் அல்லது குறையும் தொகை. ஆலையின் வசதியைப் பொறுத்து மாறும்.

———

ஒரு சேர்க்கை மட்டும், ஐயா. ‘ஒரு பீப்பாய்க்கு’ என்பதை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆலைகள் டன்னில் கணக்கு வைக்கின்றன. 39.5 டிகிரி ஏ.பி.ஐ. எண்ணெய் ஒரு டன்னுக்கு 7.6 பீப்பாய், 21 டிகிரி எண்ணெய் 6.8 பீப்பாய்தான். பீப்பாய் விலை ஒன்றாகவே இருந்தாலும் டன் விலையில் ஏறத்தாழ 12 விழுக்காடு வித்தியாசம் தெரியும். அது தரவாசி அல்ல, அலகு மாற்றத்தில் வந்தது. எந்த அளவுகோல் எண்ணெய் என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்: ‘பிரென்ட்டுக்கு 3 டாலர் இறங்குவாசி’, ‘ஓமன்–துபாய் சராசரிக்கு 1 டாலர் ஏறுவாசி’ என்று.