புதுப்பிப்பு: பாரிஸ் – லிஸ்பன் விமானப் பயணம்

பாரிஸிலிருந்து லிஸ்பன் போவது பற்றிய என் இழையில் பலர் கேட்டது, நகருக்குள் எப்படிப் போவது என்று. லிஸ்பன் விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறி அலமேதா நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் நகர மையமான ரொசியோ. நவெகாந்தே என்ற பயண அட்டை எடுத்தால் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இருவர் காட்டினால் கதவு திறக்காது.

பழைய நகர் வழியே போகும் புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமுக்கு, அது கிளம்பும் மார்ட்டிம் மோனிஸில் நிற்கவே வேண்டாம், வரிசை நகராது. மறுமுனையான காம்போ தே ஊரிக்கில் காலையிலேயே ஏறினால் சன்னலோர இருக்கை கிடைக்கும். பணப்பை முன்பக்கம் இருக்கட்டும், ஜேப்படி அதிகம்.

திரும்பும்போது கவனம்: மலிவு விமானங்கள் பல டெர்மினல் 2இலிருந்து கிளம்புகின்றன. மெட்ரோ நிற்பது டெர்மினல் 1இல். இடையே இலவசப் பேருந்துதான். கூடுதலாக அரைமணி ஒதுக்குங்கள். ஷெங்கனுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) குடிவரவுச் சோதனை இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும்.