கமுலோஸ் பண்ணை: நிலத்தைப் பறிகொடுத்தது யார்?

ஆற்றுமணல்:
கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா ஆற்றோரம் இருக்கும் கமுலோஸ் பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகம். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: டெல் வாயே குடும்பம் ராஜாமாதிரி வாழ்ந்தது, அமெரிக்கர்கள் வந்து நிலத்தைப் பிடுங்கினார்கள். எனக்கு இது பாதிக் கதை. கலிபோர்னியா அப்போது மெக்சிகோவின் கையில் இருந்தது. 1839 ஜனவரியில் அதன் ஆளுநர் அல்வராடோ, அன்டோனியோ டெல் வாயேவுக்குக் கமுலோஸும் அடங்கிய ஒரு பெரிய நிலமானியம் கொடுத்தார். பின்னாளில் அளந்தபோது 48,612 ஏக்கர் தேறியது. அது சான் ஃபெர்னாண்டோ மிஷனின் (பூர்வகுடிகளை வைத்துக் கத்தோலிக்கப் பாதிரிகள் நடத்திய குடியிருப்பு) மேய்ச்சல் நிலம். மிஷன் கலைக்கப்பட்டபோது அதன் சொத்துக்கு நிர்வாகியாக இருந்தவர் யார்? இதே அன்டோனியோதான். பாலுக்குப் பூனை காவல்!

வழக்குக்கட்டு:
நண்பரே, கோபம் சரி, சட்டத்தையும் பாருங்கள். மெக்சிகோவின் 1824 குடியேற்றச் சட்டப்படி ஒருவருக்கு 11 சதுர லீக் வரை கொடுக்கலாம். ஒரு சதுர லீக் ஏறக்குறைய 4,438 ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், அன்டோனியோ நிலம் வரம்புக்குள்தான் வருகிறது. உண்மையான அநியாயம் அப்புறம்தான். போரில் கலிபோர்னியாவைப் பிடித்து, 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகர்களின் சொத்துக்குப் பாதுகாப்பு என்று கையெழுத்துப் போட்ட அமெரிக்கா, 1851இல் நிலச் சட்டம் கொண்டுவந்து, நிலம் உன்னுடையது என்று நீயே நிரூபி என்றது. 813 மனுக்கள். பட்டா கைக்கு வர சராசரியாக 17 வருடம். இந்தப் பண்ணைக்கு வந்தது 1875இல்! அதுவரை வக்கீல் கூலி, நில அளவைச் செலவு, மாதம் 3 சதவீத வட்டிக்குக் கடன். மாதம் 3 சதவீதம் என்றால், வட்டிக்கு வட்டி சேர்ந்து, இரண்டே வருடத்தில் கடன் இரட்டித்துவிடும்.

சும்மா வந்தவன்:
ஒரு சந்தேகம். எல்லைக்கல்லே இல்லாத காலத்தில் 48,000 ஏக்கரை எப்படி அளந்தார்கள்?

வழக்குக்கட்டு:
குதிரைமேல்தான். 50 வாரா நீளக் கயிறு (ஒரு வாரா மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு), இரு முனையிலும் ஒரு கழி, ஆளுக்கொரு கழியோடு இரண்டு குதிரைக்காரர்கள். ஒருவர் நிற்க மற்றவர் முன்னால் ஓட, மாறிமாறி அளப்பார்கள். மனுவோடு கையால் வரைந்த ஒரு படம் போகும்: இங்கே மலை, இங்கே ஓடை, இங்கே பெரிய ஓக் மரம். நிலம் கொட்டிக் கிடந்தபோது அது போதும். அமெரிக்க நீதிமன்றத்தில் அதே படம் இவர்களுக்கு எதிராகவே திரும்பியது.

ஆற்றுமணல்:
நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். 1834இல் ஆளுநர் ஃபிகெரோவா போட்ட விதிப்படி, மிஷனில் வேலைசெய்த பூர்வகுடிக் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 100 முதல் 400 வாரா சதுரத்தில் நிலம் தர வேண்டும். மேல்வரம்பான 400 வாராவுக்கே 28 ஏக்கர்தான் வருகிறது. நிர்வாகிக்கோ 48,000! கயிறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஓடிய தூரம்தான் வேறு. கமுலோஸ் என்பதே அங்கிருந்த பூர்வகுடிக் கிராமத்தின் பெயர்.

சுவடு:
பூர்வகுடிகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 1845இல் அதே மிஷன் நிலத்தில் எல் என்சினோ பண்ணை மூன்று பூர்வகுடிகளுக்குக் கிடைத்தது, ஏறக்குறைய ஒரு சதுர லீக். ஆனால் 1849க்குள் அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

வழக்குக்கட்டு அண்ணா, உங்கள் கதையிலும் ஓட்டை இருக்கிறது. டெல் வாயே நிலம் கரைந்ததற்குச் சட்டம் மட்டுமா காரணம்? 1841இல் அன்டோனியோ செத்ததும் மூத்த தாரத்து மகன் இக்னாசியோவுக்கும் சின்னம்மா ஹகோபாவுக்கும் சொத்துத் தகராறு. வழக்காடிப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு 1862 முதல் 64 வரை வறட்சி, மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. பிறகு பென்சில்வேனியாவிலிருந்து எண்ணெய்க்காரர்கள் பணத்தோடு வந்தார்கள், நிலம் விலைக்குப் போனது. கமுலோஸைச் சுற்றி சுமார் 1,500 ஏக்கர்தான் மிச்சம். மற்றதை 1875இல் ஹென்றி நியூஹால் வாங்கினார், ஏக்கர் ஏறக்குறைய 2 டாலருக்கு.

சும்மா வந்தவன்:
அங்கேதானே தங்கமும் கிடைத்தது? 1842 மார்ச்சில் ஹகோபாவின் உறவினர் பிரான்சிஸ்கோ லோபஸ் காட்டு வெங்காயம் பிடுங்கும்போது, வேரில் தங்கத்துகள் ஒட்டியிருந்ததாம். கலிபோர்னியாத் தங்க வேட்டையைத் தொடங்கிவைத்த சட்டர் ஆலைக் கண்டுபிடிப்புக்கு ஆறு வருடம் முன்னால். வெங்காயம் கதையோ நிஜமோ, தங்கம் நிஜம்.

ஆற்றுமணல்:
பாருங்கள், தங்கமும் வந்தது, பதவியும் வந்தது. இக்னாசியோ 1852இல் கலிபோர்னியாச் சட்டசபை உறுப்பினர். மகன் ரெஜினால்டோ வக்கீல், மாநில செனட்டர். கமுலோஸ் 1924 வரை குடும்பத்தின் கையில் இருந்தது, அப்புறம்தான் விற்றார்கள். அடித்துத் துரத்தப்பட்ட குடும்பம் மாதிரியா இருக்கிறது?

வழக்குக்கட்டு:
48,000 எங்கே, 1,500 எங்கே! வறட்சியைத் தாங்கக் கையில் காசு வேண்டும். காசு ஏன் இல்லை என்பதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த 28 ஏக்கர் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.