சத்திப் நாத்சுபாவின் வழியில் தோட்டத்துப் பாட்டிகளைப் பேட்டி எடுக்கலாமா?

பட்டர்வொர்த் மாணவி:
மலேசியாவில் சுங்கை பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டக் குடும்பங்களின் வரவுசெலவு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். பால்மரம் சீவிய என் பாட்டிக்கு இப்போது 88 வயது. அவரைப் பேட்டி எடுக்கப்போகிறேன் என்றதும், "கிழவிகள் சொல்வது கதை, எனக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும்" என்றார் ஒரு விரிவுரையாளர். அன்று முழுக்க மனம் ஆறவில்லை. தாய்லாந்தின் சத்திப் நாத்சுபாவைப் படி என்கிறாள் தோழி. அவர் என்ன செய்தார்?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:
தயங்காமல் எடுங்கள், அம்மா. சத்திப், பேங்காக்கின் சுலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். அரசாங்க ஏடுகளில் வரியும் கட்டாய ஊழியமும் கிடைக்கும். குடியானவன் வீட்டு உலை கிடைக்காது. ஆகவே ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கேட்டார். தாய்லாந்துக் கிராமப் பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1984இல் வந்தது. 1999இல் கிறிஸ் பேக்கரும் பாசுக் பொங்பைசித்தும் அதை ஆங்கிலத்தில் தந்தார்கள். பின்னாளில் தாய் இனத்தோடு தொடர்புள்ள அசாமின் அகோம் மக்கள் வரை தேடிப் போனவர் அவர்.

பிரிட்டனுடன் 1855இல் செய்த பௌரிங் வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், நடுச்சமவெளி ஏற்றுமதிக்கு நெல் விளைத்தது. தொலைவிலிருந்த ஊர்கள் நெடுங்காலம் தங்கள் வயிற்றுக்கே விளைத்தன என்பது அவர் வாதம். அந்தச் சயாம் அரிசி கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தது. நம் தோட்டத்து ஆள் விளைத்தது ரப்பர், உண்டது வெளியூர் அரிசி. பாட்டியிடம் அரிசியிலிருந்தே தொடங்குங்கள்.

செபராங் ஜெயா கணக்கர்:
ஐயா சொல்வது சரி. ஆனால் சத்திப்பை அப்படியே ஏற்காதவர்களும் உண்டு. மானிடவியலாளர் கேத்தரின் போவி வடதாய்லாந்துத் துணிகளை ஆராய்ந்து, கிராமங்கள் அவ்வளவு தன்னிறைவாக இல்லை, வாங்கலும் விற்றலும் இருந்தன என்று காட்டினார். முதியவர்கள் பழைய நாளை இனிப்பாகவே சொல்வார்கள். கடன், கடைப் பாக்கி, சீட்டு எல்லாவற்றையும் கேளுங்கள், தங்கச்சி.

பட்டர்வொர்த் மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. நேற்றே கேட்டுவிட்டேன். அரிசியைப் பால் டின்னில் அளந்தார்களாம். ஜப்பான்காரர் ஆண்ட போர்க்காலத்தில் டின் சும்மா கிடந்தது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. கடைப் பாக்கியைக் கேட்டதும் பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தன் அம்மா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கதவின் உட்புறம் கரியால் கோடு போட்டு வைப்பார் என்றார். ஒரு வெள்ளிப் பணப் பாக்கிக்கு ஒரு கோடு. சம்பள நாளில் ஈரத்துணியால் துடைப்பாராம், எல்லாக் கோட்டையும் அல்ல.