நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் மகன் என்னை அழ வைத்துவிட்டான். என்ன செய்வது?

பாம்பன் நாட்டுப்படகு கேட்கிறார்:

பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். ஒரு மகள், ஒரு மகன். மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டு லீவில் இருக்கிறான். விஷயம் அவனைப் பற்றித்தான்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு மீனுக்கு விலை நிற்கிற காலம் இதுதான். போன வாரம் கச்சான் காற்று தெற்குக் கடலைப் புரட்டிக்கொண்டிருந்ததால் வடகடலில் வலை விட்டோம். ஓரா, நகரை, கூடவே நண்டு, எல்லாமே நல்ல பாடு. டீசல், கூலி போக என் கையில் 11,000 ரூபாய் நின்றது. அப்படி ஒரு நாள் வந்து ரொம்ப நாளாயிற்று.

கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. இரண்டு கையிலும் சேறு, அதனால் தோளில் முகத்தைத் துடைத்தேன். மகன் போனோடு நின்றதைக் கவனித்தேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பார்த்தால் நான் முகம் துடைப்பதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் ஒரு சோக இசை போட்டு, ‘ஒரு ஏழை மீனவ அப்பாவின் கண்ணீர்’ என்று எழுதி விட்டிருக்கிறான். 43 ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கத்தாரில் இருக்கும் மச்சான் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, “என்ன மச்சான், வீட்ல ரொம்பக் கஷ்டமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்கிறார். மகளுக்கு ஒரு இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டாரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் இதுவரை எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மகனைக் கேட்டேன். “நீங்க சிரிச்சுக்கிட்டே நண்டு காட்டுற வீடியோவும் போட்டேன்ப்பா. 200 பேர்தான் பார்த்தாங்க. மீனவன்னா சோகமா இருந்தாதான் பார்ப்பாங்க” என்றான். ஓங்கி ஒன்று விட்டுவிட்டேன். கை வைத்திருக்கக்கூடாது, தெரிகிறது. ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. போனைப் பிடுங்குவதா, பேசிப் பார்ப்பதா? பேசினால் என்ன பேசுவது?

தொண்டி மரைக்காயர்:

போனை வாங்கிப் பூட்டி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் இந்த மாதிரிச் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நாமும் போடவேண்டும்.

பாசிக்காரி:

அண்ணே, போனைப் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்குப் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். கடல்பாசி எடுக்கிறவள். உங்கள் மகன் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு முன்னாடியே டிவிக்காரர்கள் செய்துவிட்டார்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சேனலில் இருந்து வந்தார்கள். கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி எடுப்பதைக் காட்டத் தயாராக நின்றோம். அவர்களுக்கு அது வேண்டாமாம். கையில் பாறை கீறின காயம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு, என் கையைப் பிடித்துக் கேமரா முன்னால் வைத்தார்கள். காயம் ஆறிப்போய்த் தழும்பாகத்தான் இருந்தது. “கொஞ்சம் தண்ணியில நனைங்கக்கா, பளிச்சுன்னு தெரியும்” என்றார் ஒரு தம்பி. எத்தனை வகைப் பாசி எடுக்கிறோம், எந்தத் தீவுப் பக்கம் எப்போது போவோம், ஒன்றும் கேட்கவில்லை.

படகு பிடிபட்டு ஆட்களை இலங்கைக்குக் கொண்டுபோகும்போதும் இதே கதைதான். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். அப்போதுதான் இன்னொரு சேனல் வண்டி வந்தது. “இன்னொரு தடவை அழுவீங்களாம்மா?” என்று கேட்டார்கள். அவளும் அழுதாள். புருஷன் சிறையில் இருக்கும்போது அழுவதற்கு என்ன கஷ்டம். ஆனால் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எது டிவியில் வரும், எது வராது என்று அன்றைக்கே அதுகள் படித்துக்கொண்டன.

எங்கள் ஊர் லட்சுமி அக்கா 2015-ல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருதை வாங்கினார். பாசிக்காரி ஒருத்தி தலை நிமிர்ந்து நிற்கிற செய்தியை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் படத்தை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள்.

ஏர்வாடி வாத்தியார்:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆண்டு விழா நாடகத்தில் மீனவராக நடித்த பையன் வசனத்தை எல்லாம் சுத்தமான காசிமேட்டுத் தமிழில் பேசினான், “இன்னாபா”, “வந்துகினு” என்று. அவன் வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். “ஏண்டா, உங்க அப்பா இப்படியா பேசுவாரு?” என்று கேட்டேன். “இல்ல சார், ஆனா மீனவர்னா இப்படித்தான் பேசணும்” என்றான். சினிமாவில் மீனவர் என்றால் பெரும்பாலும் வடசென்னைதான். வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு அவனுக்கு ‘மீனவர் பேச்சாக’ப் படவில்லை. வாடை, கச்சான், கொண்டல் என்று அவன் அப்பா காற்றைப் பிரித்துச் சொல்வது அந்த நாடகத்தில் ஒரு வரியிலும் இல்லை. எழுதிக்கொடுத்த எனக்கே தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜ் கெர்ப்னர் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். தொலைக்காட்சியை அதிகம் பார்க்கிறவர்கள் உலகம் உண்மையில் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்புகிறார்கள் என்பது அவர் பல வருஷ ஆய்வில் சொன்னது. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்ததும் ஆள் மாறிவிடுவான் என்று அவர் சொல்லவில்லை. ஒரே மாதிரிப் படம் வருஷக்கணக்கில் கண்ணில் படப்பட, அதுவே நிஜம் என்று மனசில் படிந்துவிடுகிறது. டிவி காலத்தில் அந்தப் படத்தை யாரோ எடுத்தார்கள், நாம் பார்த்தோம். இப்போது உங்கள் மகனே எடுக்கிறான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உடனுக்குடன் வந்து, இதையே எடு, இதையே எடு என்கிறது.

அந்த எண்ணை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிகளுக்கும் இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2021-ல் பிரான்சிஸ் ஹாகன் என்ற பேஸ்புக் முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த காகிதங்களில், பதின்ம வயதுப் பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய தாழ்வான எண்ணத்தை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று அந்தக் கம்பெனியின் சொந்த ஆய்வே சொல்லியிருந்தது. ஆகவே 15 வயதுப் பையனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவனைக் கடலுக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்கப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். எதை வெட்டினான், எதை வைத்தான் என்று பிறகு கூட உட்கார்ந்து கேளுங்கள்.

தொண்டி மரைக்காயர்:

சரி வாத்தியாரே, நான் கொஞ்சம் வேகப்பட்டுவிட்டேன். நாங்களும் யோக்கியமில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி டிவி ஆரம்பித்த பிறகு, இக்கரையில் மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவன் மாடியில் திருப்ப, ஒருவன் கீழே நின்று “வருது, வருது, போச்சு” என்று கத்த, அப்படிப் பார்த்துவிட்டுத் தலைமுடியை வளர்த்து வாப்பாவிடம் அடி வாங்கியவன்தான் நான்.

பாம்பன் நாட்டுப்படகு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் சொன்னபடி கூட்டிப்போனேன். அதிகாலை மூன்று மணிக்கு ஏறினோம். கடல் ஓசை 90.4-ஐ வைத்துவிட்டேன். எங்கள் பாம்பனிலிருந்தே 2016 முதல் மீனவர்களுக்காக நடக்கிற ரேடியோ அது. காற்று நிலவரம் சொல்லும்போது மட்டும் பயல் போனைக் கீழே வைத்துக் கேட்டான். ஏழு மணிக்கு வாந்தி எடுத்தான். அதைப் படம் பிடிக்கவா என்று கேட்டேன். முறைத்தான். அன்றைக்குப் பாடு சுமார்தான், செலவு போக 1,800 ரூபாய். ஏலம் விடுவதை எடுத்து அதை ஒரு வீடியோவாகப் போட்டான். நான் இதை எழுதும்போது 380 பேர் பார்த்திருக்கிறார்கள்.

பழைய வீடியோவை எடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். இருக்கிறதிலேயே அதிகம் ஓடியது அதுதானாம். அப்புறம் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். சோக இசையை எடுத்துவிட்டு, ‘இது கண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். அன்றைக்கு அப்பாவுக்கு 11,000 ரூபாய் கிடைத்தது’ என்று மேலே எழுதச் சொன்னேன், எழுதினான். இப்போது அதற்குக் கீழே வந்து திட்டுகிறார்கள். “அப்போ எங்களை ஏமாத்துனீங்களா?”, “மீனவனுக்கு இவ்வளவு வருமானமா?” என்று. அழுதபோது கும்பிட்டவர்கள் இவர்கள். பையன் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “மனுஷங்க இப்படியாப்பா?” என்றான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாசிக்கார அக்கா சொன்ன படத்தைக் காட்டினேன். “இந்தப் பாட்டி நம்ம பக்கமா?” என்று கேட்டான். பாட்டி என்றதற்கு அவர் கோபிக்கக்கூடாது.

இன்னொன்று. கத்தார் மச்சான் நேற்று 5,000 ரூபாய் போட்டுவிட்டார். திருப்பி அனுப்பினால் அவர் கோவித்துக்கொள்வார், வைத்துக்கொண்டால் என் மனைவி என்னை விடமாட்டாள். இதற்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.