மீன் தொட்டியில் ஜல்லி போட்டபின் பிஎச் 8: ஜல்லியை மாற்றணுமா, மருந்து போதுமா?

கேள்வி (நீலக்கோடு):
90×45×45 செ.மீ. தொட்டி, சுமார் 150 லிட்டர் தண்ணீர். அடியில் 5 செ.மீ. வெள்ளை ஜல்லி, நடுநடுவே கிளிஞ்சல் துண்டுகள். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்துச் சோதித்தால் பிஎச் 7.2, கேஎச் (கார்பனேட் காரத்தன்மை, டிகிரியில்) 3, ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 5. தொட்டியில் ஆறு வாரம் கழித்து பிஎச் 8.0, கேஎச் 9, ஜிஎச் 11, அம்மோனியா 0.25. பிஎச் டவுன் (பிஎச்-ஐ இறக்கும் அமில மருந்து) ஊற்றினால் 6.8-க்கு இறங்கி, மறுநாளே பழையபடி ஏறிவிடுகிறது. மீன்கள்: நியான் டெட்ரா 12, கோரிடோராஸ் (அடியில் மேயும் மீசை மீன், சுருக்கமாகக் கோரி) 6. கோரிகளின் மீசை குட்டையாகிக்கொண்டே வருகிறது. ஜல்லியை எடுக்காமல் சரிசெய்ய முடியுமா? மேலே சோயில் (செடித் தொட்டிக்கான மண் குருணை) போடலாமா?

பதில் 1 (படிவு):
கேஎச், ஜிஎச் இரண்டும் சரியாக 6 ஏறியிருக்கு பாருங்க. கால்சியம் கார்பனேட் கரைஞ்சா இப்படித்தான் ரெண்டும் சேர்ந்தே ஏறும். ஜல்லியேதான் காரணம்.

பிஎச் டவுனை முதலில் நிறுத்துங்க. அமிலம் பைகார்பனேட்டை உடைச்சு கரியமில வாயுவாக்கும், அதனால பிஎச் சட்டென்று இறங்கும். வாயு வெளியேறினதும் மறுபடி ஏறும். இடையில குறைஞ்ச கேஎச்சை ஜல்லி இன்னும் கொஞ்சம் கரைஞ்சு நிரப்பிடும். 8.0-க்கும் 6.8-க்கும் நடுவே தினம் ஊஞ்சலாடுவது, நிலையான 8.0-ஐ விட மீனுக்குக் கெடுதல். பிஎச் இறக்கப் போடுற பாதாம் இலை, மரக்கட்டை எல்லாம் கேஎச் 9-க்கு முன்னால எடுபடாது.

புதுசா எது வாங்கினாலும், காய்ந்த கல்மேல் வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சா வேண்டாம். நுரைக்கலைன்னாலும் நம்பிடாதீங்க, டாலமைட்ங்கிற கார்பனேட் கல் வினிகருக்கு லேசில் நுரைக்காது. ஒரு லிட்டர் கல்லை மூணு லிட்டர் ஆர்ஓ தண்ணியில போட்டு, காற்றுக்கல் ஓடவிட்டு, ஒரு வாரம் கழிச்சு கேஎச் பாருங்க. ஏறலைன்னா தாராளமா போடலாம்.

பதில் 2 (மணற்படுகை):
சோயில் வேண்டாம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, கேஎச்சையும் குறைக்கும், உண்மைதான். ஆனால் கீழே ஜல்லி கரைந்துகொண்டே இருந்தால் சோயிலின் திறன் சீக்கிரமே தீர்ந்துவிடும். தவிர, பல புதுச் சோயில்கள் முதல் சில வாரங்கள் அம்மோனியா விடும். 25 டிகிரியில் பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் 0.6% அளவுதான் நச்சு வடிவம். பிஎச் 8-ல் 5%-க்கு மேல். உங்கள் 0.25-ஐயே இப்போது அலட்சியப்படுத்தக் கூடாது. மீன் இருக்கும் தொட்டியில் சோயில் போட்டுப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

0.5 முதல் 1 மி.மீ. வரையுள்ள, முனை மழுங்கிய சிலிகா மணல் போடுங்கள். 3 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 20 கிலோ ஆகும். ஜல்லியை ஒரே நாளில் அள்ளாதீர்கள்; அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. வாரம் மூன்றில் ஒரு பங்கு வீதம், தண்ணீர் மாற்றும்போதே அகலமான குழாயால் சைஃபன் செய்து எடுங்கள். அந்த மூன்று வாரமும் ஃபில்டர் பஞ்சைத் தொடவேண்டாம், தீனியைப் பாதியாக்குங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா பாருங்கள். ஜல்லி முழுதும் போனபின் வாரம் 25% தண்ணீர் மாற்றினால் கேஎச் 9, 7.5, 6.4 என்று தானாக இறங்கும். அந்த வேகம் போதும், அவசரம் வேண்டாம்.

பதில் 3 (கோரிமீசை):
மீசை தேய்வதற்கு ஜல்லியின் கூர்மை மட்டும் காரணம் என்று முடிவு கட்டாதீங்க. 5 செ.மீ. ஜல்லியின் இடுக்கில் மிச்சத் தீனியும் கழிவும் இறங்கி அழுகும். கோரி நாள் முழுக்க அதற்குள் முகத்தை வைத்தே மேயும். சின்னக் காயம் போதும், பாக்டீரியா அரிக்க ஆரம்பிக்கும். மணலில் அழுக்கு மேலேயே கிடப்பதால் சைஃபனில் எளிதாக வந்துவிடும். வேர் மிச்சம் இருந்து அடிமணல் சுத்தமானால் மீசை ஓரளவு திரும்ப வளரும்.

ஒரு எச்சரிக்கை: ஜல்லி எடுக்கும்போது கருப்புத் திட்டோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் கிளறாமல், அந்த இடத்தை நேராகக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்க. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அம்மோனியாவுக்கு நேர் எதிர்: பிஎச் 8-ல் சல்ஃபைடில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நச்சு வாயுவாக இருக்கும், 7-ல் பாதி. பிஎச் இறங்குமுன்பே அந்தத் திட்டுகளை எடுத்துவிடுவது நல்லது.

நீலக்கோடு:
நன்றி. மணல் மாற்றியபின் கேஎச் 3-லேயே நிற்குமா?

பதில் 4 (படிவு):
நிற்காது, மெதுவா இறங்கும். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டா மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மி.கி. காரத்தன்மை செலவாகும். ஒரு டிகிரி கேஎச்னா லிட்டருக்கு 17.9 மி.கி.தான். வாராவாரம் தண்ணி மாத்தினா போதும், குழாய் நீரே அதை ஈடுகட்டும். மாத்தாம விட்டு 1-க்குக் கீழே போனா பிஎச் சரிஞ்சு, 6 பக்கம் வரும்போது நைட்ரிஃபிகேஷனே (அம்மோனியா நைட்ரேட்டா மாறுறது) படுத்துடும். அப்படி இறங்கினா, இப்ப வெளியே எடுக்கிற இதே ஜல்லியில 100 கிராம் வலைப்பையில கட்டி ஃபில்டருக்குள்ள வைங்க. வாரம் ஒருமுறை கேஎச் பார்த்து, 4-ஐத் தாண்டினா பாதியா குறைச்சிடுங்க.